டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

போன வாரம் சின்னவன் கம்ப்யூட்டரில் எதையோ அடித்து முடித்துவிட்டு, சேமிப்பதற்கு அழுத்துகிற அந்தச் சதுரப் படம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டான். அது டிஸ்கெட் என்றேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா எட்டிப் பார்த்து, "அதுக்கெல்லாம் பொட்டு வெச்சவ நான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதி வைக்கிறேன். என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி. பிழை இருந்தால் உங்கள் அக்காவைத் திருத்தச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு முடித்திருந்தார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. வீட்டுக்கு வீடு சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒரு குத்தகைக்காரரிடம் ஷிப்ட் வேலை பார்த்தேன். வேலை இல்லாத நாளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சுற்றுவதற்காகவே ஒரு பழைய வேனை வாங்கி வைத்திருக்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். மூத்தவளான அக்கா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. நடுவுள்ளவள் அம்மாவின் இடுப்பில். சின்னவன் கணக்கிலேயே இல்லை.

அந்த வருசம் நம் வீட்டில் ஒரே பேச்சுதான். அக்காவை அடுத்த ஆண்டு டவுனிலிருக்கும் மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. அங்கே கம்ப்யூட்டர் அறை இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏர்கோன். ஏதோ வேலையாக டவுனுக்குப் போனபோது ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றிலிருந்து பிடித்த பிடியை விடவில்லை. பக்கத்து லயத்தில் சில வீடுகள் ஏற்கெனவே பிள்ளைகளை மாற்றிவிட்டன. டவுனுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பஸ்காரரிடம் அம்மா ஓர் இடம் சொல்லியும் வைத்துவிட்டாள். என்னிடம் கேட்டபோது, பார்க்கலாம் என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க. புள்ள வளந்துடும்" என்றாள்.

எனக்கு மனசு இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் கமிட்டியில் இருந்தேன். பிள்ளைகள் குறையக் குறைய, பள்ளியை வேறு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரன் மகளே போய்விட்டால் மற்றவர்களிடம் எந்த வாயை வைத்துக்கொண்டு இருங்கள் என்று சொல்வது? ஆனால் அம்மா சொன்னதிலும் தப்பு இல்லை. அதனால் ஷிப்டில் நிற்கும்போதும் இதே யோசனை, வேன் ஓட்டும்போதும் இதே யோசனை.

அந்த நேரத்தில்தான் டீச்சர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். மலாக்கா டவுன்காரர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர்கள். அவருடைய தாத்தா எங்கேயோ ஒரு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவராம். கிராணி வீட்டுப் பெண் எத்தனை நாளைக்கு இந்தச் செம்மண்ணில் நடக்கும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். ஆமாம் என்பதற்கு அவர் 'ஓம்' என்பார். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் 'ஓம்' என்றார்கள். டீச்சருக்கு நடையும் வேகம், பேச்சும் வேகம். நின்ற இடத்தில் நிற்க மாட்டார். அந்த ஒன்றில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போயிற்று.

வந்த கொஞ்ச நாளில் மலாக்காவில் ஓர் ஆபீஸ் தன் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. நேரே போய்க் கேட்டார். நாலைந்து தடவை அலைந்து, கல்வி இலாகாவின் சம்மதத்தையும் வாங்கிவிட்டு, ஒருநாள் பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, உங்க வேன்ல நாலு கம்ப்யூட்டர் ஏறுமா?"

"ஆடே ஏறியிருக்கு டீச்சர், இது ஏறாதா" என்றேன்.

அப்படித்தான் வந்தன. வந்த அன்று வைக்க மேசை இல்லை. கேண்டீன் பெஞ்சில் இறக்கி வைத்தோம். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், தொடவில்லை. தலைமையாசிரியர் முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். மண்வெட்டி, உரமூட்டை போட்டு வைத்திருந்த ஸ்டோர் அறையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டு வேலை போட்டுக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்தோம். எவ்வளவு கழுவியும் அந்த அறையில் உர வாசனை போகவில்லை.

கல்வி இலாகா ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மிஷின்கள் இலாகாவின் பேரில்தான் இருக்கும். பள்ளி ஆண்டு முடிவதற்குள் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். பாடம் நடந்தால் மிஷின்கள் இங்கேயே இருக்கும். துணி போர்த்திச் சும்மா கிடந்தால் டவுனில் உள்ள பெரிய பள்ளிக்குப் போய்விடும். இதை நான் வீட்டில் சொன்னபோது அம்மா நடுவுள்ளவளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு, மிஷின் நிலைச்சா புள்ளையும் இங்கயே நிக்கட்டும், போச்சுன்னா புள்ளையும் போகட்டும் என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து அந்த அறை என் சொந்தப் பிரச்சினை ஆகிவிட்டது.

பாடம் நடக்க வேண்டுமென்றால் பாடம் வேண்டுமே. மிஷின் வந்தால் போதும், உள்ளே எல்லாம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஆபீஸ்காரர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கடையில் கிடைத்ததெல்லாம் ஆங்கிலம், கொஞ்சம் மலாய். தமிழில் யாராவது ஓர் ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து தானே செய்தால்தான் உண்டு. அப்படிச் செய்கிறவர்கள் மலாக்கா மாநிலம் முழுக்க அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. டீச்சர் அவர்களைத் தேடிப் பிடித்தார். சனிக்கிழமைகளில் நான் வேனை எடுப்பேன், டீச்சர் முன் சீட்டில் ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். காவலுக்கு என்று சொல்லிப் பின்சீட்டில் அக்காவும் ஏறிவிடுவாள்.

உம்பாயில் ஓர் இளம் வாத்தியார், கடற்கரையில் மீன் சுட்டு விற்கும் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, மீன்களை எண்ணிக் கூட்டுகிற கணக்குப் பாடம் ஒன்று செய்திருந்தார். விடை சரியென்றால் மீன் வலைக்குள் போகும், தப்பென்றால் தண்ணீருக்குள் குதித்துவிடும். சுங்கை ஊடாங் பக்கம் ஓர் அம்மா தமிழுக்கும் மலாய்க்கும் சொல் பொருத்தும் விளையாட்டு வைத்திருந்தார். அலோர் காஜாவில் ஒருவர் லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் பெருக்கல் கணக்கு செய்திருந்தார். எல்லாம் டிஸ்கெட்டில் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சதுரம். ஓரத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு, விரலால் தள்ளினால் நகரும். உள்ளே கறுப்பாக ஒரு தகடு சுற்றும். அதில்தான் பாடம்.

டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரிடமாவது ஒரு பாடம் வாங்கினால், தன்னிடம் இருப்பதில் ஒன்றைப் பிரதி எடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். வெறுங்கையோடு வாங்க மாட்டார்.

வாங்கி வந்ததும் வேலை முடியாது. அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கு ஆளுக்கொரு எழுத்துரு. உம்பாயில் தமிழாகத் தெரிந்தது எங்கள் பள்ளியில் எறும்பு ஊர்ந்த மாதிரி தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மிஷின் கெட்டுப் போய்விட்டது என்று நான் பயந்தேன். பாடத்தோடு அதை எழுதிய எழுத்துருவையும் கேட்டு வாங்க வேண்டும். அதற்கே மறுபடி ஒரு சனிக்கிழமை போகும். எல்லாவற்றையும் மிஷினுக்குள்ளேயே ஏற்றி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த மிஷின்களின் வயிறு சின்னது. எழுத்துருக்களை ஏற்றியதோடு நிறைந்துவிட்டது. பாடமெல்லாம் டிஸ்கெட்டிலேயேதான் இருந்தாக வேண்டும்.

டின்னில் டீச்சர் அவற்றை அடுக்கிய விதமும் வேறு மாதிரி. தமிழ், கணக்கு என்று பிரிக்கவில்லை, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறதோ அதன்படி அடுக்கினார். மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளைக்கு முதலாம் ஆண்டுப் பாடம் வேண்டியிருந்தால், அது அந்தப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். யாரும் பார்த்துச் சிரிக்காதபடிக்கு மேலே வகுப்பு எண் எழுத மாட்டார், வண்ண ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுவார்.

தலைமையாசிரியருக்குத்தான் பயம். நல்ல மனிதர். ஆனால் அவர் பொறுப்பில் அரசாங்கச் சாமான் என்று இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. மிஷின்களுக்கு உறை தைக்கச் சொன்னார், அம்மாதான் தைத்தாள். கால் கழுவித்தான் உள்ளே போக வேண்டும். ஓர் இடி இடித்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். மலாக்காவில் மத்தியானத்துக்கு மேல் இடி இல்லாத நாள் ஏது. பாதிப் பாடத்தில் மீன்கள் எல்லாம் அணைந்துபோகும்.

"சார், இன்னும் ரொம்பத் தூரத்துல இடிக்குது சார்" என்று டீச்சர் சொல்வார்.

"தூரத்துல இருக்கும்போதே பிடுங்கணும் டீச்சர். பக்கத்துல வந்தப்புறம் பிடுங்கி என்னா செய்ய."

இப்படி இழுபறியாக ஓடிக்கொண்டிருக்கையில் சரஸ்வதி பூசை வந்தது. அதற்கு அடுத்த வாரம் அதிகாரி வருகிறார் என்று இலாகாவிலிருந்து தகவலும் வந்தது. தோட்டத்தில் சரஸ்வதி பூசை பள்ளியில்தான் நடக்கும். பிள்ளைகள் புத்தகம், பென்சில் எல்லாம் கொண்டுவந்து படத்தின் முன் வைப்பார்கள். வைத்ததை மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை எடுக்கக் கூடாது. அந்த ஒரு நாள் யாரும் படிக்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வரம் வேண்டுமா. இந்த வருசம் கம்ப்யூட்டரையும் பூசையில் வைக்க வேண்டும் என்று கமிட்டியில் எல்லோரும் சொன்னார்கள். மிஷினைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதற்கு அறையிலேயே போய்ப் பொட்டு வைத்துவிடலாம், டிஸ்கெட்டுகளைப் புத்தகத்தோடு வைக்கலாம் என்று முடிவாயிற்று. டீச்சரிடம் தயங்கித்தான் கேட்டேன். அவர் கும்பிடுகிற சாமி வேறு.

"பிள்ளைகள்ட புத்தகம் எல்லாம் வைக்கிறாங்கதானே. இதும் புத்தகம்தான். வைங்க" என்றார். டின்னைத் திறந்து தாம்பாளத்தில் அவரே வரிசையாக அடுக்கிக் கொடுத்தார்.

பூசை நன்றாக நடந்தது. பூசாரி மந்திரம் சொல்ல, பெண்கள் புத்தகங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். சுண்டல், பொங்கல், பாட்டு. நான் அன்று இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தேன், மூன்றாம் தடவை பூசாரியே, "உக்காருய்யா, சாமி போயிடாது" என்றார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூசை முடிந்து, பிள்ளைகள் அரிசியில் எழுதி, புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி வரும் நாளுக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று டீச்சர் அக்காவையும் இன்னும் சில பிள்ளைகளையும் அறைக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். மிஷின்களின் நெற்றியில் சந்தனப் பொட்டு காய்ந்து இருந்தது. டீச்சர் மீன் கணக்கு டிஸ்கெட்டை எடுத்துப் போட்டார். மிஷின் கர்ர் கர்ர் என்றது. ஒன்றும் வரவில்லை. மிஷினில் கோளாறு என்று நினைத்து அடுத்த மிஷினில் போட்டார். அங்கேயும் அதே சத்தம். மூன்றாவது மிஷினில் வேறு டிஸ்கெட்டைப் போட்டார். கர்ர் கர்ர். நாலாவதுக்குப் போனவர் அப்படியே நின்றார். கையிலிருந்த டிஸ்கெட்டின் தகரக் கதவோரம் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே, அந்தக் கறுப்புத் தகட்டின் மேல், சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமமும் வைத்திருந்தது.

தாம்பாளத்திலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா, நடுவுள்ளவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீச்சருக்கென்று ஒரு தட்டில் சுண்டலோடு வந்து நின்றாள். டீச்சர் கையிலிருந்ததைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்துட்டீங்களா டீச்சர்? நான்தான் வெச்சேன்."

டீச்சர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "உள்ள ஏன் அக்கா வெச்சீங்க?"

"புத்தகத்துக்கு அட்டையில வெச்சா பத்துமா, தொறந்து மொத பக்கத்துலயும் வெப்போம் இல்ல. இதுக்கு ஒரு கதவு இருந்துச்சி. தொறந்து பாத்தேன், அதான் உள்ள வெச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம விட்டா, அந்தப் பாடம் படிக்கிற புள்ளைக்கி ஆகாதேன்னு எல்லாத்துக்கும் வெச்சேன் டீச்சர்."

 அக்காதான் அம்மாவின் காதருகே போய், அது உள்ளே தொடக் கூடாத இடம் என்று சொன்னாள். அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சுண்டல் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். டீச்சர் அந்தத் தட்டை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதி சாப்பிட்டதும் என்னைப் பார்த்து, "அண்ணே, இண்டைக்கு உங்களுக்கு வேலை இருக்கா?" என்றார்.

எனக்கு வேலை இருந்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் அலோர் காஜாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஒரு சீனர் கடைக்குப் போனோம். மிஷின்களிலிருந்து கழற்றிய, டிஸ்கெட் போடுகிற வாய்ப் பகுதிகளை அவர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். இரண்டைச் சுத்தம் செய்துவிடலாம், ஒன்று போனது போனதுதான் என்றார். டிஸ்கெட்டுகளைக் குப்பையில் போடச் சொன்னார். டீச்சர் போடவில்லை. டின்னிலேயே வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பமானது ஓட்டம். யாரிடம் எதை வாங்கினோமோ அவர்களிடம் மறுபடி போக வேண்டும். வேனில் டீச்சர் சும்மா இருக்க மாட்டார். யாருக்கு எதைக் கொடுத்தோம், யார் வீட்டில் எது இருக்கும் என்று விரலை மடக்கி மடக்கிப் பேசிக்கொண்டே வருவார். எனக்கு இந்தப் பக்கம் ஆக்சிலேட்டரில் கால் நிற்காது. சிவப்பு விளக்கில் நின்றால்கூட ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருப்பேன். சுங்கை ஊடாங் அம்மா வீட்டில் பூட்டு. கல்யாணத்துக்குப் பினாங்கு போயிருக்கிறார்கள் என்றார்கள். உம்பாய் வாத்தியார் கையில் மீன் வாசனையோடு வந்து தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், மீன் கணக்க அழிச்சிட்டேன் லா. அண்ணன் மகனுக்கு கேம் ஏத்திக் குடுத்துட்டேன்."

"அப்ப அந்த கேமைக் குடுங்க சார். அதிலயாவது கூட்டல் வருதா பாப்பம்."

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆனால் டீச்சர் அவருக்கு முன்பு கொடுத்திருந்த சொல் பொருத்தும் விளையாட்டு பத்திரமாக இருந்தது. சுங்கை ஊடாங் அம்மாவுடைய பாடம் உம்பாயில் கிடைத்தது. அலோர் காஜா வாத்தியாரிடம் போனால், அவரிடம் அவருடைய செம்பனைக் கணக்கும் இருந்தது, உம்பாய் வாத்தியாரின் மீன் கணக்கும் இருந்தது. வெறுங்கையோடு வாங்க மாட்டேன் என்று டீச்சர் கொடுத்து வைத்ததெல்லாம் ஆளுக்கொன்றாக மலாக்கா முழுக்கச் சிதறிக் கிடந்தது. எல்லாம் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் கிடைத்தது. கிடைத்ததிலும் எழுத்துருத் தகராறு. பள்ளி விட்டதும் டீச்சர் சுத்தமாயிருந்த அந்த ஒரு மிஷினில் உட்கார்ந்து, எறும்பு ஊர்ந்த எழுத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். இடி இடித்தால் தலைமையாசிரியர் வந்து பிளக்கைப் பிடுங்குவார். நின்றதும் மறுபடி போடுவார்.

அம்மா அந்த நாட்களில் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஏதும் சொல்லவில்லை, ஆனாலும் பேசவில்லை. தையல் மிஷினை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு என்னமோ தைத்தாள். ரவிக்கை வெட்டின துண்டுகள், உங்கள் பழைய கவுன்கள், திரைச்சீலை மிச்சம். பார்த்தால் ஒவ்வொரு டிஸ்கெட்டுக்கும் ஒரு சின்ன உறை. ஒன்றைப்போல் ஒன்று கிடையாது. பூப்போட்டது, கோடு போட்டது, ஜரிகை ஓரம் வைத்தது. கதவுப் பக்கம் மட்டும் மடித்து அழுத்தித் தைத்திருந்தாள், விரல் போகாதபடிக்கு. டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனி எவளும் தொறக்க மாட்டா டீச்சர். நானே தொறக்க முடியாது."

டீச்சர் ஒவ்வோர் உறையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவருடைய வண்ண ஸ்டிக்கர்களை எல்லாம் உரித்துப் போட்டார். எந்தப் பாடம் எந்தத் துணியில் என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு செய்தார்.

அதிகாரி வரும் நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். அவர் காலையில் வருவதாகச் சொன்னார்கள். வரவில்லை. பிள்ளைகள் கால் கழுவி உட்கார்ந்து, கால் காய்ந்து, மறுபடி வெளியே ஓடி அழுக்காக்கி, மறுபடி கழுவினார்கள். நான் பள்ளி கேட்டுக்கும் அறைக்கும் நடந்தேன். மத்தியானம் தாண்டியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. தலைமையாசிரியர் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் தூறலோடு அதிகாரியின் கார் வந்தது. நடுவயது மலாய்க்காரர், பேச்சு குறைவு. சப்பாத்தைக் கழற்றி, நனைந்த காலுறையோடு உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து மலாயில் வணக்கம் சொன்னார்கள். மூன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது ஏன் ஓடவில்லை என்று கேட்டார். பழுது என்றார் தலைமையாசிரியர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல். அக்கா மீன் கணக்கைத் தொடங்கினாள். முதல் மீன் வலைக்குள் போனது. இரண்டாவது மீன் போவதற்குள் கூரைக்கு மேலேயே ஓர் இடி விழுந்தது. தலைமையாசிரியர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

எல்லாம் அணைந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது. அறை இருட்டு. அதிகாரி பிள்ளைகளின் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். பஸ்காரரிடம் அம்மா சொல்லி வைத்த இடம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

டீச்சர் டின்னை எடுத்து அதிகாரியின் முன் மேசையில் வைத்துத் திறந்தார். அவர் துணி உறைகளை உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தார். இது என்ன என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார். டீச்சர் வாயைத் திறக்கும் முன் அக்கா சொன்னாள். அந்த வயதில் அவளுக்கு மலாய் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் சொன்னாள். பச்சைப் பூ, உம்பாயிலிருந்து வந்தது, மீன் கூட்டல், சின்னப் பிள்ளைகளுக்கு. கூட்டல் வராத பெரிய பிள்ளைகளுக்கும். ஆனால் யார் என்று கேட்கக் கூடாது. அவர் இன்னொன்றை எடுத்தார். வேறொரு பிள்ளை சொன்னது. பிறகு எல்லாப் பிள்ளைகளும் எட்டி எட்டிச் சொன்னார்கள். நீலக் கோடு பெருக்கல். ஜரிகை வைத்தது சொல் விளையாட்டு, இரண்டு பேராக உட்கார்ந்து ஆட வேண்டும், அதில் தோற்றவர்தான் முதலில் ஆரம்பிக்க வேண்டும். இருட்டில் துணியைத் தடவியே இது எது என்று சொன்ன பிள்ளையும் உண்டு. மிஷின் ஓடாமலே அரைமணி நேரம் பாடம் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

டின்னின் அடியில் உறையில்லாமல் கிடந்த பழைய டிஸ்கெட்டுகளில் ஒன்றை அவர் எடுத்தார்.  தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் நடந்ததை நடந்தபடி மலாயில் சொன்னார். யார் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. அதிகாரி தகரக் கதவைத் தள்ளி உள்ளே பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். வாசனை நன்றாக இருக்கிறது என்றார். சிரிக்கவில்லை. அதைத் திரும்ப வைத்துவிட்டு, இந்தப் பாடங்களை எல்லாம் மற்றத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று டீச்சரைக் கேட்டார்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "போலே, என்சிக்" என்று மலாயில் திருத்திச் சொன்னார் டீச்சர். பிள்ளைகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதிகாரி எழுந்தார். மெசின் இனி திங்கால் டி சினி என்றார். மிஷின் இங்கேயே இருக்கட்டும். பழுதானதை இலாகா பார்த்துக்கொள்ளும். தலைமையாசிரியர் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு கார் வரை போனார்.

நான் வெளியே வந்தேன். கேண்டீன் கூரைக்குக் கீழே அம்மா நடுவுள்ளவளோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். இருக்கட்டும்னு சொல்லிட்டாரு என்றேன். அவள் நடுவுள்ளவளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"பஸ்காரர்கிட்ட அந்த எடம் வேணாம்னு சொல்லிடுங்க."

சரி என்றேன்.

"மழ விட்டதும் போங்க. ஏங்க, மழ விட்டதும்னு சொன்னேன்" என்று அவள் சொல்வது பின்னால் கேட்டது. நான் அதற்குள் வேனைக் கிளப்பிவிட்டேன்.